கணக்கெடுத்து விரட்டிய புழு

முதுகுளத்தூர் பக்கம் கண்மாய் வயலுக்கு, ஊரணி குடிப்பதற்கு. மழையை மட்டுமே நம்பிய இராமநாதபுரம் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த ஏற்பாடு இது. இப்படித் தேங்கிய தண்ணீரைக் குடித்து வாழ்ந்த இந்தியக் கிராமங்கள் பலவற்றை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்த நோய்தான் நரம்புச் சிலந்தி.

பெயரில்தான் சிலந்தி. உண்மையில் அது நூல் போன்ற ஒரு புழு. ஒரு மீட்டர் நீளம் வரை வளரும்! பெரும்பாலும் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தால் போதும், ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அது நீரில் விட்டுவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சைக்ளாப்ஸ் என்ற நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்குச் சுமார் ஒரு வருடம் கழித்து அதே கொப்புளம். புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, தினமும் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வயல் வேலை கிடையாது, கூலியும் கிடையாது.

இதற்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை, இன்றுவரை! அப்புறம் எப்படி ஒழித்தார்கள்?

முதலில் கணக்கெடுத்தார்கள். 1983-84ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 1984ல் கிடைத்த கணக்கு: 7 மாநிலங்கள், 89 மாவட்டங்கள், 12,840 கிராமங்கள், 39,792 நோயாளிகள். அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று.

இதில் முக்கியமான எண் எது? நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல, கிராமங்களின் எண்ணிக்கைதான். இந்தியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். அத்தனை ஊர்த் தண்ணீரையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய எந்த அரசிடமும் பணம் கிடையாது. ஆனால் பெயர் தெரிந்த 12,840 ஊர்கள் என்றால் முடியும். புழு வளர ஒரு வருடம் ஆவதால், இந்த வருடப் பட்டியலே அடுத்த வருடம் எங்கே ஆபத்து என்றும் சொல்லிவிட்டது.

பிறகு செய்த வேலைகள் எல்லாம் எளிமையானவை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். இறங்கி மொள்ளும் படிக்கிணறுகளைக் கைப்பிடிச் சுவர் வைத்து இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். அடிபம்பு போட்டார்கள். நீர்ப்பூச்சியைக் கொல்ல டெமிபாஸ் தெளித்தார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, நோயாளியை நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ்நாடு சீக்கிரமே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். அதற்குப் பிறகும் தேடலை நிறுத்தவில்லை. தகவல் தருபவருக்குப் பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் வழங்கியது. 1986ல் உலகம் முழுக்கச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023ல் வெறும் 14 பேருக்கு மட்டுமே!

கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இன்றும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் பதிவாகின்றன. பொதுவாக அந்த எண்கள் மேலிடத்துக்குப் போவதோடு சரி. நரம்புச் சிலந்தி விஷயத்தில் மட்டும், மேலே போன எண் கிணற்றுச் சுவராகவும் அடிபம்பாகவும் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. எந்த ஊரணித் தண்ணீரைக் குடித்தவருக்கு வயிற்றுப்போக்கு என்று முதுகுளத்தூர் வட்டாரத்தில் யாராவது எழுதி வைத்துப் பார்த்தால், எந்த ஊரணிக்கு முதலில் வேலி போடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.