எல் கேப்பிட்டன்

எல் கேப்பிட்டன், கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் வடபுறம் நிற்கும் செங்குத்துக் கருங்கல் பாறை. உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 7,569 அடி (2,307 மீட்டர்). அடிவாரத்திலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும் முகம் மட்டுமே ஏறத்தாழ 3,000 அடி. தென்மேற்கு, தென்கிழக்கு முகங்கள் கூடும் முன்விளிம்பை நோஸ் என்பார்கள். இன்றைய பெயர் 1851இல் அவானீச்சி மக்களை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விரட்ட வந்த மாரிப்போசா படையினர் இட்டது. அம்மக்களுக்குப் பாறை அதற்கு வெகுகாலம் முன்பே டூட்டோக்கனூலா.

இந்தக் கல் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் குழம்பாக இருந்து மெல்ல இறுகியது. பெரும்பகுதிக்குப் பாறையின் பெயரையே வைத்து எல் கேப்பிட்டன் கருங்கல் என்கிறார்கள்; மேற்பகுதியில் டாஃப்ட் கருங்கல் கலந்திருக்கிறது. தென்கிழக்கு முகத்தில் டயோரைட் என்னும் கரிய பாறை ஊடுருவி வட அமெரிக்கக் கண்டத்தின் வரைபடம் போலப் படர்ந்திருப்பதைப் புல்வெளியில் நின்றே அடையாளம் காணலாம்.

இப்படி ஒரு சுவர் எப்படி உண்டாயிற்று என்ற வழக்கு 19ஆம் நூற்றாண்டில் பெரிதாக நடந்தது. கலிபோர்னிய மாநில நிலவியல் ஆய்வின் தலைவர் ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தரை ஒரு பேரழிவில் கீழே இறங்கியதால்தான் இருபுறமும் சுவர்கள் எழுந்து நிற்கின்றன என்றார். அவருடைய குழுவிலேயே இருந்த கிளாரன்ஸ் கிங் பனியாற்றின் தடயங்களைக் கண்டிருந்தும் விட்னி அசைந்து கொடுக்கவில்லை. 1869இல் ஆட்டு மந்தையோடு இந்த மலைகளில் ஏறிய ஜான் மியூர், பாறைகளில் பனி தேய்த்த வழவழப்பையும் கீறல்களையும் பின்தொடர்ந்து போய், பள்ளத்தாக்கைச் செதுக்கியவை பனியாறுகளே என்ற முடிவுக்கு வந்தார். 1871 டிசம்பரில் நியூயார்க் டிரிபியூனில் அதை எழுதினார். ஆடு மேய்ப்பவனுக்கு என்ன தெரியும் என்று விட்னி தள்ளிவிட்டார். பட்டத்தைவிடக் கால்நடை வென்ற வழக்கு இது. 1930இல் வெளிவந்த ஃபிரான்சுவா மத்தேஸின் விரிவான ஆய்வு பனியாற்றுக் கொள்கையை நிலைநிறுத்தியது. முதலில் பள்ளத்தாக்கில் ஓடும் மெர்செட் ஆறு ஆழமாக அரிக்க, பிறகு பனியாறுகள் வந்து அகலப்படுத்தின என்று அது பணியைப் பகிர்ந்து கொடுத்தது. மியூர் பனிக்குக் கொடுத்த பங்கு சற்றே கூடுதல்தான்.

பக்கத்துச் சுவர்கள் பிளந்து சரிந்த இடத்தில் எல் கேப்பிட்டன் மட்டும் நின்றதற்குக் காரணம் எளிது: அதில் வெடிப்புகள் குறைவு. வெடிப்பு இருந்தால்தான் நீர் நுழையும், உறையும், கல்லைப் பெயர்க்கும். ஆயினும் சரிவு அறவே இல்லை என்பதற்கில்லை. 2017 செப்டம்பரில் பெருந்துண்டுகள் விழுந்து ஒருவர் இறந்தார்.

கடைசிப் பனியாறு பின்வாங்கியபோது விட்டுப்போன கற்குவியல் மேடு ஒன்று பாறையின் அடிவாரத்துக்கு அருகே ஆற்றைத் தேக்கிவைத்திருந்தது. பள்ளத்தாக்கின் பாதுகாவலராயிருந்த கேலன் கிளார்க் 1879இல் அதை வெடிவைத்துத் திறந்துவிட்டார். ஆற்றுமட்டம் தாழ்ந்தது, நிலத்தடி நீர் இறங்கியது, ஈரப் புல்வெளிகளில் பைன் மரங்கள் புகுந்தன. பள்ளத்தாக்கை 1864இல் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம் மாநிலத்திடம் பாதுகாக்கவே ஒப்படைத்திருந்தது; வெடி வைத்ததும் அந்தப் பாதுகாப்பின் கீழ்தான். சுற்றிலுமுள்ள மலைப்பகுதி 1890இல் தேசியப் பூங்காவாயிற்று. அதற்கு மியூரின் எழுத்தே பெருங்காரணம். பள்ளத்தாக்கு 1906இல் அதனுடன் சேர்ந்தது.

ஏறுவோரின் வரலாறு 1958 நவம்பர் 12இல் தொடங்குகிறது. அன்று வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் மூவரும் நோஸ் வழியே உச்சியை அடைந்தனர். ஒன்றரை ஆண்டுக் காலம் விட்டுவிட்டுச் செய்த வேலை அது. அகன்ற பிளவு ஒன்றில் அடிக்கப் பழைய அடுப்பின் கால்களை வெட்டி ஆணியாக்கினார்கள். அந்தப் பிளவுக்கு இன்றும் அடுப்புக்காலின் பெயர்தான். 1993இல் லின் ஹில், விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிற்றை வைத்துக்கொண்டு, கை கால் பலத்தாலேயே நோஸை ஏறிக் காட்டினார்; அதுவரை எந்த ஆணும் செய்யாதது. 2017 ஜூன் 3இல் அலெக்ஸ் ஹானோல்ட் ஃபிரீரைடர் என்னும் வழியில் கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார்.

பார்வையாளர்கள் எல் கேப்பிட்டன் புல்வெளியில் நின்று தொலைநோக்கியால் ஏறுவோரைத் தேடுவது வழக்கம். வெறுங்கண்ணுக்கு அவர்கள் சிறு புள்ளிகள்தான். இருட்டிய பின் நெற்றி விளக்குகளே இடம் சொல்லும். முழு உருவத்தையும் ஒரே பார்வையில் காண டனல் வியூ முனை உகந்தது. பிப்ரவரி நடுவிலும் இறுதியிலும், நீர் ஓடி வானமும் தெளிந்திருந்தால், கிழக்கு விளிம்பிலிருந்து விழும் ஹார்ஸ்டெயில் அருவி அந்தி வெயிலில் சில நிமிடங்கள் தீயாய் ஒளிரும்; கூட்டமும் நெரிசலும் அப்போதுதான். ஏறாமல் உச்சிக்குப் போக யோசெமிட்டி அருவிப் பாதை வழியே நீண்ட நடைவழி உண்டு. பாறையில் இரவு தங்கி ஏறுவோருக்கு இப்போது அனுமதிச் சீட்டு கட்டாயம். வசந்தத்தில் வல்லூறுகள் கூடு கட்டும் வழிகள் மூடப்படுகின்றன.