டிவி–கேம் பெட்டிக்கு அஞ்சலி

டிவிக்குப் பின்னால் தூசியோடு தூசியாகத் தொங்கிக் கிடந்த ஸ்விட்ச் பாக்ஸ் இப்போது இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி; அதில் ஒரு தள்ளு சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் டிவி, அந்தப் பக்கம் தள்ளினால் கேம். 1972-இல் மேக்னவாக்ஸ் ஒடிஸியுடன் அமெரிக்க வீடுகளுக்குள் வந்தது. 1977-இல் அட்டாரி 2600 வந்த பிறகு அதற்கு ஓய்வே இல்லை.

அன்றைய டிவிக்குள் படம் நுழைய ஆன்டெனா வழி ஒன்றுதான். அதனால் கேம் கன்சோல் தானே ஒரு குட்டி நிலையமாகி, காலியாக இருக்கும் சேனலில், பெரும்பாலும் 3-இல், படம் அனுப்பியது. ஆன்டெனா ஒயரோடு அதை அப்படியே முறுக்கிச் சேர்த்திருந்தால் சிக்னல் மொட்டைமாடி ஏறி, பக்கத்து வீட்டுப் படத்தைக் கெடுத்திருக்கும். அப்படிக் கசியாமல் தடுத்ததுதான் பெட்டியின் முக்கிய வேலை. அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையமும் இதில் கறாராக இருந்தது. அண்டை வீட்டுக்குச் செய்த இந்த உபகாரத்துக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

திட்டு மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. படத்தில் கொசு பறந்தால் பெட்டிக்கு ஒரு தட்டு. பல நேரம் சேனல்தான் தவறாக இருக்கும். கன்சோலில் ஒரு எண், டிவியில் வேறு எண். இல்லையென்றால் தட்டை ஒயரின் கவட்டை முனை திருகிலிருந்து நழுவியிருக்கும். பெட்டியே குற்றவாளி என்றால் காரணம் களிம்பு. சுவிட்சை இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் களிம்பு தேய்ந்து படம் தெளியும். அடங்காததற்கு காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு.

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலோடு தானாகவே மாறிக்கொள்ளும் பெட்டி வந்தது; கையால் தள்ளும் வேலை போயிற்று. அதற்கு முன்பே, 1982-இல், அட்டாரி 5200 ஒரு விபரீதம் செய்தது: மின்சாரத்தையும் படத்தையும் ஒரே கேபிளில், பெட்டி வழியாகவே அனுப்பியது. அடாப்டரைப் பெட்டியில் செருகும்போது பொறி பறக்கும். யார் ஒப்புக்கொண்ட வடிவமைப்போ! மறு ஆண்டு வந்த இரண்டு போர்ட் மாடலில் அதைக் கைவிட்டார்கள்.

மஞ்சள்–சிவப்பு–வெள்ளை ஏவி கேபிள் வந்ததும் பெட்டியின் காலம் முடிந்தது. 2009 ஜூன் 12-இல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. காக்க வேண்டிய அனலாக் படமும் பெரும்பாலும் அதோடு போயிற்று.

அட்டாரி 2600 வைத்திருப்பவர்கள் பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். அனலாக் சேனல் பிடிக்கும் டிவியாக இருந்தால் ஆர்சிஏ முனையைக் கோஆக்ஸியல் முனையாக்கும் சின்ன அடாப்டர் போதும். படம் முன்னைவிடத் தெளிவாகவே வரும். நான்கு போர்ட் கொண்ட அந்த முதல் 5200 மாடலை வைத்திருப்பவர்கள் மட்டும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் அந்தக் கன்சோலுக்கு மின்சாரமே போகாது.