கடலிற் கண்ட போட்டியும் விண்ணிற் காணும் போட்டியும்

ஹூக்ளி நதிக்கரையில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்குக் கப்பல் வாணிபத்தின் கதை புதியதன்று. நம் ஹவுராவிற்கு எதிர்க்கரையிலுள்ள கல்கத்தாவின் பெயரைத் தாங்கி 1856ஆம் ஆண்டில் தோன்றிய கப்பல் கம்பெனியொன்று, பின்னர் 'பிரிட்டிஷ் இந்தியா' எனப் பெயர் மாறி, அரசாங்கத் தபால் ஒப்பந்தங்களின் துணையோடு இந்தியக் கடல்களில் ஆதிக்கம் செலுத்திற்று.

அதனை எதிர்த்து, 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார் வ. உ. சிதம்பரம் பிள்ளை. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒருவருக்கு அரசின் ஒப்பந்தம், மற்றவருக்கு அரசின் சிறைச்சாலை. இதனைச் சமமான போட்டி என்று கூறுதல் இயலுமோ?

இன்று அத்தகைய போட்டி விண்வெளியில் நிகழ்கின்றது. நம் நாடு 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட்டை ஏவிற்று. 1999-ல் கொரியா, ஜெர்மனி நாடுகளின் செயற்கைக்கோள்களைக் கட்டணம் பெற்று விண்ணிற்குக் கொண்டு சென்றது. 2017 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றி உலகை வியக்க வைத்தது. ஆயினும், 2002-ல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்பேஸ் எக்ஸ் என்னும் தனியார் கம்பெனி, ஏவிய ராக்கெட்டின் அடிப்பகுதியை 2015-ல் மீண்டும் தரையிறக்கியது. 2017-ல் அவ்வாறு மீண்ட ஒன்றையே மறுபடியும் ஏவிற்று. ஒரே கப்பலைப் பலமுறை செலுத்துவது போன்ற இம்முறையால் செலவு குறைந்தது. வாணிபம் அதன் கைக்குள் வந்தது. 2024-ல் மட்டும் அக்கம்பெனி 130-க்கும் மேற்பட்ட முறை ஃபால்கன் ராக்கெட்டுகளை ஏவியுள்ளது. அவ்வாண்டு நவம்பரில், நமது எல்.வி.எம்.3 சுமக்கும் அளவை விஞ்சிய 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை நாமும் அதன் ராக்கெட்டிலேயே அனுப்ப நேர்ந்தது.

இக்கம்பெனி தன் திறமை ஒன்றினாலேயே வளர்ந்தது எனக் கருதுதல் பொருந்தாது. 2008-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா அளித்த 160 கோடி டாலர் ஒப்பந்தம் அதற்கு உயிரூட்டிற்று. அன்று தபால் ஒப்பந்தம். இன்று சரக்கு ஒப்பந்தம். திறமையை மறுத்தல் முறையன்று. அத்திறமைக்குக் கிடைத்த துணையை மறத்தலும் முறையன்று.

2020-ல் நமது அரசும் இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் கம்பெனியும், 2024 மே மாதத்தில் சென்னையில் முளைத்த அக்னிகுல் கம்பெனியும் தத்தம் ராக்கெட்டுகளைச் சோதனையாக ஏவின. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகின்றது. சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பேரிழப்பு. ஆகவே நேர்தெற்கே கடல் விரிந்து கிடக்கும் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வூர் இருப்பதும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே!

சிதம்பரனாரின் கம்பெனிக்குத் துணிவு இருந்தது, மக்களின் பணம் இருந்தது; துணை நின்று தாங்கும் அரசு இல்லை. இன்று அரசு நம்முடையது. ஏவுதளம் அமைத்தால் மட்டும் போதாது. நிலையான ஒப்பந்தங்களையும் நம் இளைஞர்க்கு வழங்குதல் வேண்டும். அன்று கடலில் இழந்ததை அக்கரையிலிருந்தே விண்ணில் பெறுவோமாக!