மூலிகை மட்டும் போதுமா?

போன குளிர்காலத்தில் வெலிங்டன் மழையில் வழுக்கி விழுந்து தோளில் நல்ல அடி. கூட வேலை பார்க்கும் மாவோரி நண்பர், "பிசியோதெரபி மட்டுமில்லை, ரொங்கோஆவும் கேட்கலாம், ஏசிசியே பணம் தரும்" என்றார். ஏசிசி என்பது இங்குள்ள அரசு விபத்துக் காப்பீடு. ரொங்கோஆ என்றால் மாவோரிகளின் பாரம்பரிய வைத்தியம்: மூலிகை, மிரிமிரி என்ற தடவல், கராகியா என்ற பிரார்த்தனை. 2020 முதல் அதற்கும் ஏசிசி பணம் தருகிறது.

எனக்கு உடனே முதலமடை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊரை மாங்காய்க்காகத் தெரிந்திருக்கும். தெற்கே பரம்பிக்குளம் காடு. காடர், மலசர், முதுவர் வாழும் மலை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது, ஒரு மலசர் பெரியவர்தான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை இன்றைக்கும் நேராக இருக்கிறது.

ஆனால் என் சின்ன மாமா இல்லை. மாந்தோப்பில் பாம்பு கடித்து, முதலில் பச்சிலை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பாலக்காடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. அம்மா அப்புறம் அடிக்கடி சொல்வாள்: "எலும்பு முறிஞ்சா அவங்ககிட்டப் போலாம் கண்ணு. பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

அதனால்தான் 1907-ல் நியூசிலாந்து போட்ட சட்டத்தைப் படித்தபோது முழுக்கக் கோபப்பட முடியவில்லை. 'தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம்' என்றே அதற்குப் பெயர். தொஹுங்கா என்றால் வைத்தியம் உள்பட எந்தத் துறையிலும் தேர்ந்தவர். சட்டத்தை ஆதரித்தவர்களில் மாவோரிகளே இருந்தார்கள்: முதல் மாவோரி டாக்டர் மாயுயி பொமாரே, எம்.பி. அபிரானா ங்காடா. காய்ச்சல்காரர்களைக் குளிர்ந்த நீரில் முக்குவது போன்ற சிகிச்சைகள் பற்றிய கவலை பொமாரேவுக்கு. ஆனால் கிராமங்களில் டாக்டர்களே அரிது. ஒரு கதவை மூடியவர்கள் இன்னொன்றைச் சரியாகத் திறக்கவில்லை. சட்டம் 1962-ல்தான் நீங்கியது.

நம்மூரில் யாரும் தடை போடவில்லை. வேறொன்று நடந்தது. 1987-ல் அகஸ்தியமலைக் காட்டில், ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் 'ஜீவனி' மருந்து தயாரானது. கோவை ஆரிய வைத்திய பார்மஸிக்கு உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2% ராயல்டி என்று ஒப்பந்தம். நிலையத்துக்கு வந்த அந்த வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளை, 1999-ல் முதல் தவணையாக ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய். உலகமே பாராட்டிய ஏற்பாடு. நியாயமான பாராட்டுதான்.

ஆனால் காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். தங்கள் அறிவை விற்க யார் உரிமை கொடுத்தது என்பது அவர்கள் கேள்வி. மருந்துக்குப் பேரம் நடந்தது, வைத்தியருக்கு இடம் கிடைக்கவில்லை. காணி வைத்தியர் லக்ஷ்மிகுட்டிக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தோம். விருது சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலி?

இங்கே என்னைப் பார்த்த ரொங்கோஆ அம்மா முதலில் கேட்டது, "எக்ஸ்ரே எடுத்தாயா?" என்றுதான். எடுத்திருந்தேன். அப்புறம்தான் தோளில் கை வைத்தார். தன் எல்லை தெரிந்த வைத்தியர், அவரை அறிந்த ஆஸ்பத்திரி, இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை. முதலமடையில் அன்றைக்கு அப்படி ஒரு பாதை இருந்திருந்தால், அந்தப் பச்சிலை வைத்தியரே மாமாவைப் பார்த்த நிமிஷத்தில் பாலக்காட்டுக்கு அனுப்பியிருப்பார்.