சேதி சொன்னவன் வீடு

ஏரிக்கரை உடையப் போகிறதென்றால் முதலில் பறைதான் பேசும். எங்க தாத்தா அதை அடித்தவர். மழையில் தோல் நனைஞ்சா சத்தம் செத்துப்போகும். தொண்டை கிழியக் கத்துவாராம். ஊர்த்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் சேரிக்கு ஓடி வருவார். "நமக்குச் சேதி வர்றதுக்குள்ள தண்ணி வந்துரும்" என்பாள் ஆயா. கேட்டவன் வீடு மேட்டில், சொன்னவன் வீடு பள்ளத்தில். சேரிக்குப் பள்ளத்தை ஒதுக்கியது சாதி.

2015 நவம்பர் 9. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துப்போனது. கனமழை வரும் என்று வானிலை மையம் சொல்லித்தான் இருந்தது. எந்த ஓடை, எந்தத் தெரு என்று யார் சொன்னது?

2022இல், தண்டோரா கூடாது என்று தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த இழிவு ஒழியட்டும். இன்று எச்சரிக்கை கைப்பேசிக்கே வருகிறது. 'பாதுகாப்பான கட்டடத்துக்குச் செல்லுங்கள்' என்கிறது. குடிசைக்காரன் எங்கே போவான்?

இடிக்குச் சாதி தெரியாது என்பார்கள். இடி இடிக்கையில் நடவு வயலில் நிற்கிறவள் யார்?

தோழர்களே, சேரியில் இதைச் சொல்லுங்கள்: இடி கேட்டதும் வயலைவிட்டு ஏறணும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கணும். முழங்கால் அளவுதான் என்று ஓடுகிற தண்ணியில் இறங்கக் கூடாது. அது ஆளைச் சாய்த்துவிடும். வெள்ளம் வந்தால் தங்கும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் என்று மழைக்கு முன்பே கேளுங்கள். மேட்டில் மனைப்பட்டாவும் கேளுங்கள். அதுவும் முன்னெச்சரிக்கைதான்.