கீர்ச் சிங்கமும் மலாயாப் புலியும்: எண்ணிக்கை மறைக்கும் ஆபத்து

மலாக்கா மாநிலத்தின் மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தமிழர் சிங்கத்தை முதலில் பார்ப்பது அம்மன் கோயில் வாகனத்தில்தான். வரலாற்றுக் காலத்து இந்தியச் சிங்கத்தின் பரவலைப் பொதுவாக நர்மதைக்கு வடக்கேதான் வரையறுக்கிறார்கள். ஆயினும் மாமல்லபுரத்துப் பல்லவத் தூண்களைத் தாங்குபவை சிங்கங்கள். தம் காட்டில் இல்லாத விலங்கைக் கல்லில் வடித்த மரபினரிடம் போய்ச் சிங்கத்தின் பெருமையை எடுத்துரைப்பதை விழிப்புணர்வு என்று சொல்வது வீண்வேலை. குஜராத்தின் கீர் காட்டிலிருந்து மலேசியத் தமிழர் கற்கவேண்டிய பாடம் வேறு. ஓர் உயிரினத்தின் தலைக்கணக்கு மட்டும் அதன் பாதுகாப்பைக் காட்டிவிடாது.

ஆசியச் சிங்கங்களின் கணக்கு 2015இல் 523, 2020இல் 674, 2025இல் 891. வேட்டையால் அழிவின் விளிம்புக்குச் சென்ற இனம் இவ்வளவு மீண்டது அரிய சாதனை. கால்நடைகளை இழந்தும் சிங்கத்தோடு வாழப் பழகிய மால்தாரி மேய்ப்பர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், அத்தனை சிங்கங்களும் சௌராஷ்டிரம் என்ற ஒரே வட்டாரத்துக்குள் இருக்கின்றன. 2018 செப்டம்பரில் கீரின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. நாய்களிடையே பரவும் டிஸ்டம்பர் வைரஸும் உண்ணி வழி வரும் பபேசியா ஒட்டுண்ணியும் அவற்றில் கண்டறியப்பட்டன. 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே வைரஸ் ஏறத்தாழ 1,000 சிங்கங்களைப் பலிகொண்டது. ஆப்பிரிக்காவில் வேறு சிங்கக் காடுகள் இருந்தன. ஆசியச் சிங்கத்துக்கு அந்த வசதி இல்லை.

இந்த அபாயம் அறியப்படாததன்று. சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 15 அன்று ஆணையிட்டது. இதுவரை ஒரு சிங்கமும் போகவில்லை. 2022இல் அந்தக் காட்டில் நமீபியச் சிவிங்கிப்புலிகள் வந்திறங்கின. மாநிலப் பெருமைச் சின்னமாகிவிட்ட விலங்கை அண்டை மாநிலத்துக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? பெருமிதமே பாதுகாப்புக்குத் தடையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவிலும் புலி பெருமைச் சின்னந்தான். அரசு இலச்சினையை இரு புலிகள் தாங்குகின்றன. காட்டிலோ நிலைமை கீரைவிட மோசம். 2022இல் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. பெலும்-தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ்-ரொம்பின் ஆகிய காடுகளே அவற்றின் முதன்மை வாழிடங்கள். கம்பிக் கண்ணிகளும் துண்டாடப்பட்ட காடும் முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றின் மேல் நோயும் வந்து சேர்கிறது. 2019 ஜூலையில் திரங்கானுவின் டுங்குன் பகுதியில் பட்டப்பகலில் ஆளைக் கண்டு அஞ்சாமல் கிராமத்துக்குள் நடந்த ஒரு புலி பிடிபட்டது. அவாங் பெசுல் என்று பெயரிடப்பட்ட அது சில நாள்களில் இறந்தது. காரணம் அதே டிஸ்டம்பர்.

வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்கலாம். போடவேண்டும். ஆனால், செரங்கெட்டியைச் சுற்றி அப்படிப் போட்டும் வைரஸ் முற்றாக ஒழியவில்லை. மற்றக் காட்டு ஊனுண்ணிகளிடமும் அது சுழல்கிறது. எனவே நோயைத் தாங்குமளவு புலிகள் ஒன்றுக்கு மேற்பட்ட காடுகளில் இருப்பதும், அக்காடுகளிடையே வழி திறந்திருப்பதும் இன்றியமையாதவை.

மலாக்காவில் இன்று காட்டுப் புலி இல்லையே, நமக்கென்ன என்பது அடுத்த மறுப்பு. 1896இல் வணிகர் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கியது இம்மாநிலத்தில்தான். பின்னர் தோட்டங்கள் பெருகப் பெருகக் காடு சுருங்கியது. ரப்பருக்கு அடுத்துச் செம்பனை வந்தது. தோட்டம் போடும் முடிவு முதலாளியுடையது, உழைப்பு பெரிதும் தமிழருடையது. கூலிக்குப் பழி சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும், காடு எப்படித் துண்டாகிறது என்பதைத் தோட்டத்துத் தமிழர்களைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. ஆயர் குரோ விலங்குக் காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தமிழ்ப்பள்ளிகள், கூண்டுப் புலியைக் காட்டுவதோடு எந்தெந்தக் காடுகளுக்கு நடுவே எந்த நெடுஞ்சாலையும் தோட்டமும் குறுக்கிடுகின்றன என்று வரைபடத்தில் தேடவைக்கலாம். இந்தப் பாடத்தைத் தங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்திலிருந்தே தொடங்க அந்தப் பிள்ளைகளால் முடியும்.