பின்கண்ணாடித் தண்ணீரும் பிரேக் விளக்கும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறும் காருக்கு, மழைக்காலத்தில் கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் பின்கண்ணாடி முழுக்கச் சேறு அப்பிவிடும். ஹேட்ச்பேக், எஸ்யூவி வண்டிகளில் இது அதிகம். பின்புறம் செங்குத்தாக முடிவதால் ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் சேற்றுத் துளிகளை மேலே இழுத்துக்கொள்கிறது. ஓட்டுபவர் லீவரைத் தள்ளுகிறார். வைப்பர் வறண்ட கண்ணாடியில் கரகரவென்று தேய்க்கிறது, தண்ணீர் வரவில்லை. அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடுகிறார். அதே காரின் பிரேக் விளக்கு மாதக்கணக்கில் எரியாமல் இருந்திருக்கலாம். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. ஆபத்து அதிகமான பழுதுதான் கடைசியில் கவனிக்கப்படுகிறது என்பதே என் கவலை.

தண்ணீர்ப் பழுதைக் காதாலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். சாவியைப் போட்டு லீவரைத் தள்ளும்போது மோட்டார் சத்தமே கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், லீவர் ஸ்விட்ச், மோட்டார் இவற்றில் ஒன்று போயிருக்கும். பல சின்னக் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே தொட்டி, ஒரே மோட்டார். ஒரு பக்கம் சுற்றினால் முன்கண்ணாடிக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்கண்ணாடிக்கும் தண்ணீர் போகும். அப்படிப்பட்ட வண்டியில் முன்னால் அடிக்கிறதென்றால் மோட்டாரைக் கழற்றும் வேலை அநேகமாக மிச்சம். சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லையா? நுனித்துளையைப் பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றும் வண்டிகளில் அது உப்புப் பூத்து அடைத்திருக்கும். மெல்லிய ஊசியால் குத்தினாலே திறந்துகொள்ளும். துளை சுத்தமாக இருந்தால், பானெட்டிலிருந்து கூரையோரமாகப் பின்கதவு வரை போகும் குழாய் நடுவில் எங்கோ கழன்றிருக்கிறது. கூரைத் துணியில் ஈரம் தட்டும் இடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிரேக் விளக்கில் காதுக்கு வேலையில்லை, எண்ணிக்கைதான் பேசும். இடது, வலது, நடு என மூன்று விளக்கும் எரியவில்லையென்றால் ஃபியூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச். ஒன்று மட்டும் எரியவில்லையென்றால் பல்பு, ஹோல்டர், எர்த். 21 வாட் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அறுந்த இழை தெரியும். இழை நன்றாக இருந்தும் எரியாவிட்டால் ஹோல்டரில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கெட்டிருந்தால் பெடலை மிதிக்கும்போது பக்கத்து இண்டிகேட்டர் லேசாக மினுக்கும். மின்சாரம் வேறு வழி தேடுகிறது. இதைக் கவனிக்காமல் பல்பு மேல் பல்பாக மாற்றுவது வீண் செலவு.

நேரெதிர்ப் பழுதும் உண்டு: அணையவே அணையாத விளக்கு. சில கார்களில் பெடல் தண்டில் சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு ரப்பர் கட்டை, ஸ்விட்சின் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். அது நைந்து உதிர்ந்தால் விளக்கு விடிய விடிய எரிந்து, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். பெடலுக்குக் கீழே கால்மிதியில் துண்டு துண்டாக ரப்பர் கிடந்தால் விடை கையிலேயே இருக்கிறது.

இரண்டு பழுதும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பின்கதவின் மேல்மூலையில் நெளிநெளியான ரப்பர் உறை இருக்கும். பல வண்டிகளில் கதவிலிருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் வயரும் தண்ணீர்க் குழாயும் அதன் வழியாகத்தான் போகின்றன. மலையிலிருந்து பலாவும் மரவள்ளியும் ஏற்றி இறக்கும் வண்டியில், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை மடங்குகின்றன. நாளடைவில் வயர் உள்ளேயே அறும், குழாய் விரிசல் விடும். விளக்கும் தண்ணீரும் சேர்ந்து நின்றுபோனால் முதலில் அந்த உறையைத்தான் உரித்துப் பார்க்க வேண்டும். கசியும் தண்ணீர் வயரோடு வழிந்து விளக்கையே கெடுப்பதும் இங்கேதான்.

அந்த மூன்றாவது விளக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. 1974-இல் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் பின்புறம் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பின்னால் வந்து மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா மூன்றாவது விளக்கைக் கட்டாயமாக்கியது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 102-ஆம் விதியும் பிரேக் போட்டதும் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது.

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து இறங்குபவர்கள் இரண்டாவது கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே வேகத்தைக் குறைப்பார்கள். அதுதான் சரியான முறை. ஆனால் அப்போது பிரேக் விளக்கு எரியாது. பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்காக இடையிடையே பெடலை லேசாகத் தொட வேண்டும். அந்தத் தொடுதலுக்கு விளக்கு உயிரோடு இருக்க வேண்டும்.

தனியாக இருக்கும்போது, இரவில் வண்டியைச் சுவரோரம் பின்பக்கமாக நிறுத்திப் பெடலை மிதித்துப் பார்க்கலாம். இரண்டு விளக்கு எரிந்தாலே சுவர் முழுக்கச் சிவந்துவிடும் என்பதால், இடது, வலது, நடு என்று மூன்று இடத்திலும் வெளிச்சம் விழுகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.